ஒளித்து வைக்கிற அளவு

பகல் இரண்டு மணி பத்து நிமிடம். ஒலிப்பதிவில் எட்டுப் பெண்கள். கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் அருணகிரி, வயது அறுபத்திரண்டு, சைதாப்பேட்டை கோர்ட்டில் முப்பத்தொரு வருடம் சாட்சிகள் சொன்னதைச் சொன்னபடியே அடித்துக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது வடபழனியில் லைனிங் துணிக்கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் அதே வேலை, ஆட்கள்தான் வேறு. கம்பெனிகள் ஊர் ஊராக ஆளைக் கூட்டி, ஹோட்டல் ஹாலில் உட்காரவைத்து, காபியும் மிக்சரும் கொடுத்து, தங்கள் சரக்கைப் பற்றிப் பேசச் சொல்லும். அந்தப் பேச்சு முழுவதும் எழுத்தாகி பம்பாய்க்குப் போக வேண்டும். போன மாதம் குளியல் சோப்பு, அதற்கு முன்னால் கொசுவர்த்தி. இந்த முறை போன்: எவ்வளவு பெரிதாக இருக்கலாம், திரை என்ன வடிவில் இருக்கலாம், எதையெதை எடுத்துவிட்டதில் வருத்தம். திருச்சியில் அக்டோபர் இருபத்தெட்டு சனிக்கிழமை பேசியது. இன்று நவம்பர் ஒன்பது, வியாழன், நாலு மணிக்குள் அனுப்பியாக வேண்டும் என்று மேற்பார்வை பார்க்கும் வளர்மதி காலையிலிருந்து மூன்று முறை சொல்லியாயிற்று. விதிகள் அவருக்குப் பழகியவைதான். பேசுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். சிரித்தால் சதுர அடைப்புக்குள் சிரிப்பு என்று போட வேண்டும். பேசாமல் இருந்தால் எத்தனை நொடி என்று போட வேண்டும். காதில் விழுந்தது மட்டும், அதற்கு மேல் ஒரு சொல் கூடாது. மேசைக்கு அடியில் தையல் மெஷினில் இருப்பதுபோல ஒரு மிதி. ஒருமுறை அழுத்தினால் பேச்சு நிற்கும், இன்னொருமுறை அழுத்தினால் ஐந்து நொடி பின்னால் போகும். எட்டுப் பேரும் தங்களைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். எண் ஒன்று தையல் கடை வைத்திருக்கிறவர், உறையூர், நல்ல கட்டைக்குரல். எண் இரண்டு நர்ஸ். எண் மூன்று வீட்டில் டியூஷன் எடுக்கிறவர். பிறகு எண் நான்கு: "நான் இந்துமதி. கே.கே. நகர். வீட்ல அவரு, பாப்பா, பாப்பாவுக்கு ஒண்ணரை வயசு. அம்மா சென்னையில இருக்காங்க." அருணகிரியின் கால் மிதியை அழுத்தியது. பேச்சு நின்றது. இன்னொருமுறை அழுத்தினார். அம்மா சென்னையில இருக்காங்க. மறுபடியும். அம்மா சென்னையில இருக்காங்க.

ஊரில் ஆயிரம் இந்துமதிகள். மகளுக்கு அந்தப் பெயர் வைத்த வருடத்தில் அவர் தெருவிலேயே இரண்டு பேர் இருந்தார்கள், குட்டை இந்து, நெட்டை இந்து என்று வித்தியாசம் சொல்ல வேண்டியிருந்தது. சென்னையில் அம்மா இருக்கிறவர்களும் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அவர் எண் நான்கு என்று அடித்தார். பெயரை அடிக்க வேண்டாம் என்ற விதி இருப்பது எவ்வளவு நல்லது. எண் நான்கு என்றால் யாராகவும் இருக்கலாம். குரல் கொஞ்சம் தடித்திருந்தது, பிள்ளை பெற்றவளின் குரல்போல, அதுவும் தலையில் மாட்டிக்கொள்கிற இந்தக் கருவியில் எல்லாக் குரலும் மூக்கடைத்த குரலாகத்தான் வரும், போன மாதம் சோப்பைப் பற்றிப் பேசிய ஒரு தஞ்சாவூர்க்காரர் அவருக்குத் தெரிந்த, இறந்துபோன ஒரு தாசில்தார் மாதிரியே பேசினாரே, அப்படி ஒரு மயக்கம். இருக்காங்க. கோர்ட்டில் இருக்கிறார் என்பதற்கும் இருந்தார் என்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு வீடே கைமாறியிருக்கிறது. அவர் மனைவி கஸ்தூரி இருந்தாள். மார்ச் ஒன்பதாம் தேதி காலை பால் பாக்கெட் எடுக்கக் கீழே போனவள் மாடிப்படியில் உட்கார்ந்தாள், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவாள் என்று அவர் மேலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அவள் எழுந்திருக்கவில்லை. ஆகவே இது வேறு இந்துமதி. அவர் மகளாக இருந்தால் அம்மா இருக்காங்க என்று ஏன் சொல்லப் போகிறாள் என்று கேட்டுக்கொண்டார். கேட்ட மாத்திரத்தில் அந்தக் கேள்விக்கு விடை தனக்குத் தெரியும் என்பதும் தெரிந்தது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவர்தான் சொல்லவிடவில்லை. சார்ஜாவில் சமையல் வேலை பார்க்கிற மைத்துனன் ஓடி வந்து, பாடை கட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டான்: "மாமா, இந்துவுக்குச் சொல்ல வேணாமா?" "என்கிட்ட நம்பர் இல்ல." "தேடினா கெடைக்கும் மாமா. திருச்சியிலதான் எங்கயோ இருக்கா." "தேடாதே." அவன் கயிற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நாலாம் நாள் விமானம் ஏறிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. நம்பர் இல்லை என்று சொன்னது பொய்யில்லை, சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்டுகூட அதைச் சொல்லியிருப்பார். தேடாதே என்றது பொய்யா மெய்யா என்கிற கேள்விக்குள்ளேயே வராத சொல்.

பேச்சு ஓடியது, விரல்களும் ஓடின. கூட்டத்தை நடத்துகிற பெண் மூன்று பொம்மை போன்களை மேசையில் வைத்தாள். உள்ளே ஒன்றும் இல்லாத, எடைக்காக இரும்பு வைத்து, திரைக்குப் பதில் படம் ஒட்டிய போன்கள். அ, ஆ, இ. அ உள்ளங்கைக்குள் அடங்குவது, ஆ நடுத்தரம், இ பெரியது. ஒவ்வொன்றும் மேசையில் தட்டும் சத்தம் கேட்டது. எண் ஒன்று எடுத்த எடுப்பிலேயே, "இங்க பாரும்மா, கம்பெனிக்காரங்ககிட்ட முதல்ல இதைச் சொல்லு, சுடிதார்ல பாக்கெட் கிடையாது. இந்த பெரிசை நான் எங்க வைக்கிறது, தலையிலயா?" என்றார். [சிரிப்பு]. "ஜாக்கெட்டுக்குள்ள வைக்கிற சைஸுல ஒண்ணு பண்ணச் சொல்லு. என் அளவுக்கில்ல, உன் அளவுக்கு." [பலர் சிரிப்பு]. எண் ஐந்து ஓரம் வளைந்த திரை வைத்திருந்தவர், "பாக்க அழகா இருக்குதுன்னு வாங்கித் தொலைச்சேன் அக்கா, கை பட்டா போதும், நான் பேசாத ஆளுக்கெல்லாம் போன் போவுது, எங்க நாத்தனாருக்கே மூணு தடவை போயிடுச்சு" என்றார். "அய்யய்யோ, அது போன் இல்ல, ஏவல்" என்றது எண் ஒன்று. திரைக்கு நடுவே கேமராவுக்காக இருக்கிற ஓட்டையைத் தன் பையன் அழுக்கென்று நினைத்து எச்சில் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருக்கிறான் என்றார் எண் ஏழு. பாட்டுக் கேட்கிற ஒயர் செருகும் ஓட்டையை எடுத்துவிட்டார்கள், மெமரி கார்டை எடுத்துவிட்டார்கள், ரேடியோவை எடுத்துவிட்டார்கள், பெட்டிக்குள்ளிருந்து சார்ஜரையே எடுத்துவிட்டார்கள் என்று நர்ஸ் விரல்விட்டுச் சொன்னார். "செருப்பு வாங்கினா ஒத்தைச் செருப்பு குடுக்கற மாதிரி இருக்கு. கேட்டா அதான் இப்ப வர்ற மாடல்ங்கறான்." அருணகிரிக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. இந்த வேலையில் பிடித்ததே இதுதான். யாரும் யாரையும் கொல்லவில்லை, யாரும் கூண்டில் நடுங்கவில்லை, ஒரு போன் ஒரு விரற்கடை பெரிதாகிவிட்டது என்பதுதான் இவர்களுடைய பிராது. கஸ்தூரியிடம் சாயங்காலம் சொல்வார், அவள் சிரிப்பாள்... சொல்வார் என்று நினைத்துவிட்டு நிறுத்தினார். எட்டு மாதம் ஆகியும் இந்தப் பழக்கம் போகவில்லை, நாக்கு சாயங்காலத்துக்குச் சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கிறது. அப்போதுதான் எண் நான்கு தொண்டையைச் செருமிக்கொண்டு, "இல்ல, அது என்னன்னா..." என்று ஆரம்பித்தாள். அருணகிரி கையை எடுத்துவிட்டார். இல்ல, அது என்னன்னா. மூன்றாம் வகுப்பில் கணக்கு நோட்டைத் தொலைத்துவிட்டு வந்து நின்றபோதும் இதேதான். காலேஜ் பீஸ் கட்டத் தேதி தவறியபோதும் இதேதான். கடைசியாக, கதவைப் பிடித்துக்கொண்டு, அப்பா, இல்ல, அது என்னன்னா என்று நின்றபோது அவர் மேலே கேட்கவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாண நோட்டீஸ் முப்பது நாள் போர்டில் ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். ஒட்டிய இரண்டாம் நாளே கோர்ட்டுக்கு வந்து தேடிப் பிடித்துச் சொன்னார் சம்மன் கொண்டுபோகிற அமீனா ஒருவர்: "சார், போர்டுல உங்க பொண்ணு பேரு இருக்குது, மாப்பிள்ளை பேரு சேவியர்னு போட்டிருக்கு, ஸ்வீட் எங்க?" அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஒருவேளை முடிந்திருக்கும். "எனக்குச் சொல்லாம போர்டுக்குச் சொன்னே இல்ல? இனிமே போர்டுகிட்டயே பேசிக்கோ" என்றார். நல்லா இருக்கிற வாக்கியம் என்று அப்போது தோன்றியது. மூன்று வருடமாக அதை மனசுக்குள் அடித்து அடித்துப் பார்க்கிறார், ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியவில்லை.

"இல்ல, அது என்னன்னா, எனக்கு இ தான் வேணும்" என்றாள் எண் நான்கு. "இதுவா? இது போனா, பூரிக்கட்டையா?" என்றது எண் ஒன்று. "எனக்கில்ல அக்கா. அம்மாவுக்கு. அம்மாவுக்குக் கண்ணு மங்கல், சக்கரை. இப்ப வச்சிருக்கிறது பட்டன் போன், அதுல எழுத்தே தெரியாது, குரலை வச்சுதான் ஆளைக் கண்டுபிடிப்பாங்க. பாப்பா மூஞ்சைக் காட்டணும்னா பெரிசா இருந்தாத்தான் தெரியும்." நடத்துகிற பெண், அப்படியானால் உங்கள் தேர்வு இ, காரணம் பார்வை என்று தொகுத்துக் கேட்டாள். "இல்ல மேடம், அதுலதான் ஒரு சிக்கல். அம்மா ஒளிச்சு வைக்கணும்." [2 நொடி மௌனம்]. "எதுக்கு ஒளிக்கணும்?" "அப்பாவுக்குத் தெரியாம." "ஓ, லவ் மேரேஜா?" என்றது ஒரு குரல், எண் ஆறு. "ஆமா." "எங்க வீட்லயும்தான்டி. எங்கப்பா ரெண்டு வருசம் மூஞ்சைத் திருப்பிட்டு இருந்தாரு, பேரன் பொறந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல பாதாம் பாலோட வந்து நின்னாரு. பாத்துக்கிட்டே இரு, உங்கப்பாவும் வருவாரு." "எங்கப்பா வரமாட்டாரு" என்றாள் இந்துமதி. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பஸ் இந்த வழியாக வராது என்று நிறுத்தத்தில் நிற்கிறவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அருணகிரி அடித்தார்: எண் 4: எங்கப்பா வரமாட்டாரு. முற்றுப்புள்ளி வைத்தார். எண் ஒன்று பேச்சை விடவில்லை. "அப்போ சின்னதா வாங்கு. பாக்கணும்னா பெரிசா வேணும், ஒளிக்கணும்னா சின்னதா வேணும். ரெண்டும் எப்படி ஆகும்?" "அதான் சொல்றேன் அக்கா. அம்மா எதை ஒளிச்சாலும் புடவைக்கு நடுவுலதான் வைப்பாங்க. இ தடிமனா இல்லாம, சும்மா ஒரு அட்டை மாதிரி இருந்தா, பெரிசா இருந்தாலும் மடிச்ச புடவைக்குள்ள போயிடும். அப்புறம் ஒரு பட்டன் வேணும். பச்சைப் பட்டன் ஒண்ணு, சிவப்புப் பட்டன் ஒண்ணு, நிஜமான பட்டன். திரையில தடவி எடுக்க அம்மாவுக்கு வராது, கை ஈரமா இருக்கும், தடவித் தடவிப் பாத்துட்டு, பயந்து வச்சுடுவாங்க." நடத்துகிற பெண் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது, நல்ல பாயிண்ட் என்றாள். அருணகிரிக்குக் காதுக்குள் வெயில் அடித்ததுபோல இருந்தது. கஸ்தூரியின் கை எப்போதும் ஈரம். அதை இவர்கள் யாருக்கும் தெரியாது. திருச்சியில் ஒரு ஹோட்டல் ஹாலில் மிக்சர் தின்றுகொண்டு எட்டுப் பேர் கஸ்தூரியின் ஈரக் கைக்குத் தோதான போனை ஒன்றரை விரற்கடை கூட்டிக் குறைத்துச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவள் எரிந்து எட்டு மாதமாகிறது.

"என்ன சார், பத்து நிமிஷமா ஒரே இடத்துல நிக்குது? வாய்தா வாங்கறீங்களா?" வளர்மதி பின்னால் நின்றாள். அவர் கருவியை ஒரு காதிலிருந்து மட்டும் தள்ளினார். "குறுக்குப் பேச்சும்மா. எல்லாரும் ஒண்ணா பேசறாங்க." "பொம்பளைங்க க்ரூப்னா அப்படித்தான். தெளிவா இல்லாத இடத்துல தெளிவில்லைன்னு போட்டுட்டுப் போயிட்டே இருங்க சார், யாரு பாக்கப் போறா. நாலு மணிக்கு எனக்கு ஃபைல் வேணும். தீபாவளிக்கு ஊருக்குப் போறவ நானு, டிக்கெட் ஏழரைக்கு." அவள் போய்விட்டாள். தெருவில் யாரோ ஒரு ஊசிவெடிச் சரத்தைக் கொளுத்தினார்கள். தெளிவில்லை என்று போட்டுவிடலாம். எண் 4: [தெளிவில்லை]. அது யாருக்கும் தெரியாது. ஆனால் இவ்வளவு தெளிவாக ஒரு சாட்சியை அவர் முப்பத்தொரு வருடத்தில் கேட்டதில்லை. மிதியை அழுத்தினார். எண் ஆறு கேட்டது: "சரிடி, இத்தனை நாளா எப்படிப் பேசினீங்க, மாட்டிக்காம?" இந்துமதி சிரித்தாள். அந்தச் சிரிப்பு வந்ததும் அவருக்கு இனிமேல் சந்தேகப்பட ஒன்றும் மிச்சமில்லை, முதலில் மூக்கால் வந்து பிறகு வாயால் வருகிற கஸ்தூரியின் சிரிப்பு. "என் நம்பரை அம்மா கேஸ்னு போட்டு வச்சிருந்தாங்க. கேஸ் கம்பெனி. பக்கத்து வீட்டு அக்காகிட்டக் குடுத்து இங்கிலீஷுல மூணு எழுத்து போட்டு வாங்கிட்டாங்க. அப்பா பாத்தாலும் சிலிண்டர்னு நெனச்சுக்குவாரு. வியாழக்கிழமை மூணு மணி. அப்பா ஆபீஸ் போயிருப்பாரு." [பலர் சிரிப்பு]. "உங்கம்மா பெரிய ஆளுடி!" "எங்கம்மாவா!" என்றாள் இந்துமதி. அருணகிரி மிதியை அழுத்தினார். பேச்சு நின்றது. கேஸ். அவர் பார்த்திருக்கிறார். இரண்டாம் நாள், வீடு நிறைய ஆட்கள், யாரோ அவர் கையில் காபியைத் திணிக்கிறார்கள், பிரிட்ஜ் மேல் கஸ்தூரியின் போன் அடிக்கிறது, எடுத்துப் பார்த்தால் இங்கிலீஷில் மூன்று எழுத்து. இந்த நேரத்துல கேஸ்காரன் என்று எரிச்சலோடு சொன்னார், சிவப்புப் பட்டனை அழுத்தினார். மறுபடி அடித்தது, மறுபடி அழுத்தினார். அடுத்த வியாழன் அடித்தது. பதினாறாம் நாள் காரியத்தின்போது ஐயர் மந்திரத்துக்கு நடுவே அடித்தது, "இந்த கேஸ் கம்பெனிக்காரனுக்கு வேற வேலையே இல்ல, ஒத்த ஆளுக்கு எதுக்கு சிலிண்டர்" என்று மைத்துனன் மனைவியிடம் சொன்னார், அவளும் ஆமாண்ணே என்றாள். பிறகு அவர் மறுபடி வேலைக்கு வர ஆரம்பித்துவிட்டார். பூட்டிய வீட்டில், வியாழன் மூன்று மணிக்கு, பிரிட்ஜ் மேல் அது அடித்திருக்கும். அடித்து அடித்து சார்ஜ் தீர்ந்து நின்றிருக்கும். யாரும் ரீசார்ஜ் போடவில்லை. இன்றைக்கும் வியாழன்தான். சுவரில் கடிகாரம் மூன்று அடிக்க நாலு நிமிடம் இருந்தது, அதைப் பார்த்தவர் ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தார். மூன்று வருடம் ஒரே வீட்டில் ஏமாற்றியிருக்கிறாள், பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு. வரவில்லை. வந்தது வேறு ஏதோ, அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்கக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்தது. வியாழக்கிழமைகளில் வீட்டுக்குப் போனால் ஏதாவது ஒன்று விசேஷமாக இருக்கும், வாழைப்பூ வடை, ரவா கேசரி, ஒன்றுமில்லாவிட்டால் அப்பளம் கூடுதலாக. என்ன இன்னிக்கு என்பார், சும்மாதான் என்பாள். குழந்தை பிறந்த அன்று என்ன செய்தாள்? ஒன்றரை வயது என்றால் போன வருடம் சித்திரையை ஒட்டி. ஒருநாள் அரைக்கிலோ லட்டு வாங்கி வந்து, பிள்ளையார் கோயில் பிரசாதம் என்றாள், அவரும் இரண்டு தின்றார். பெட்டியில் கடைப் பெயர் இருந்தது, கோயில் எப்போது பெட்டி போட ஆரம்பித்தது என்று கேட்டார், அவள் மூக்கால் சிரித்தாள். பேத்தி பிறந்ததை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஒருத்தி பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறாள், அவருக்குக் குறட்டை அதிகம் என்று புரண்டு படுத்திருக்கிறாள். மிதியை விட்டார். நடத்துகிற பெண் கேட்டாள்: "இப்ப பேசறீங்களா அம்மாகிட்ட?" [5 நொடி மௌனம்]. "இல்ல மேடம். மார்ச்சுலேர்ந்து எடுக்கறதில்ல. முதல்ல கட் ஆச்சு. அப்புறம் சுவிட்ச் ஆஃப். இப்ப உபயோகத்துல இல்லைன்னு வருது. அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும். போனைப் பிடுங்கி வச்சிருப்பாரு. பாவம் அம்மா, நேர்ல கேக்கவும் மாட்டாங்க, ஒரு மாதிரி உள்ளுக்குள்ளயே உக்காந்திருப்பாங்க. அதான் தீபாவளி ஆஃபர்ல இந்த இ மாதிரி ஒண்ணு வாங்கிட்டு, பொங்கல் கழிச்சு ஒரு வியாழக்கிழமை, அவரு ஆபீஸ் போற நேரமா போய் குடுத்துட்டு வந்துடலாம்னு இருக்கேன். பாப்பாவையும் காட்டிட்டு." யாரோ உச்சுக் கொட்டினார்கள். "உங்கப்பன் நல்லா இருப்பானா" என்று எண் ஒன்று சொன்னது, அதையும் அவர் அடித்தார். எண் 1: உங்கப்பன் நல்லா இருப்பானா. அடித்துவிட்டு அடுத்த வரிக்குக் காத்திருந்தார். "அப்படிச் சொல்லாதீங்க அக்கா" என்றாள் இந்துமதி. அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடத்துகிற பெண் பின்பக்க நிறத்துக்குப் போய்விட்டாள், கறுப்பா நீலமா, பளபளப்பா மங்கலா, கைரேகை விழுகிறதா என்று.

அந்தப் போன் எங்கேயும் போய்விடவில்லை. வீட்டில், பிரிட்ஜுக்கு மேல் இருந்ததை எடுத்து பீரோவில் அவள் புடவைகளுக்கு அடியில் அவரே வைத்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல். சார்ஜ் போட்டால் உயிர் வரும். கேஸ் என்று மூன்று எழுத்து வரும். அதைப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டு தன் போனிலிருந்து பேசலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, கம்பெனி விதியை மீற வேண்டியதில்லை. ஆறரைக்கு வீட்டுக்குப் போனால் ஏழு மணிக்குள் பேசிவிடலாம். என்னவென்று? இந்து, அப்பா பேசறேன். அதற்கு மேல் வாக்கியம் வரவில்லை. அம்மாகிட்ட போனைக் குடுங்கப்பா என்பாள். முதல் வார்த்தையே அதுவாகத்தான் இருக்கும். இன்றைய தேதியில் அவள் மனசில் அவர் போனைப் பிடுங்கி வைத்திருக்கிற அப்பா. கெட்டவர்தான், ஆனால் பிடுங்கி வைக்கிறவர் இருந்தால் பறிகொடுத்தவளும் இருப்பாள். உள்ளுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள், ஈரக் கையோடு. அவர் வாயைத் திறக்காத வரைக்கும் திருச்சி கே.கே. நகரில் ஒரு வீட்டில் கஸ்தூரிக்குக் கண் மங்கலாகத்தான் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, பொங்கல் கழிந்து ஒரு வியாழக்கிழமை இருக்கிறது. அதை அவளிடமிருந்து பிடுங்குவதா? எட்டு மாதம் கழித்து? இப்படி நினைத்ததும் மனசு கொஞ்சம் ஆறியது, ஆறியதாலேயே அவருக்குத் தன்மேல் சந்தேகம் வந்தது. எத்தனை பேரைக் கூண்டில் பார்த்திருக்கிறார், தன் பயத்துக்கு இன்னொருத்தர் பெயரை வைத்துப் பேசுகிறவர்களை. அவளுக்காக ஒன்றும் இல்லை. தேடாதே என்று யார் சொன்னது என்று அவள் கேட்பாள், அதுதான். கொள்ளி போட்டது யாரு, நான் பேசினபோது கட் பண்ணினது யாரு, நீங்களாப்பா? கேஸ்னு நெனச்சேன் என்று சொல்ல வேண்டும். ஒரு மனிதன் தன் மகளிடம் சொல்லக்கூடிய வாக்கியமா அது. பொங்கல் கழித்து அவள் வந்தால் கீழே குடியிருக்கிற வீட்டுச் சொந்தக்காரம்மா வாசலிலேயே சொல்லிவிடுவாள். அப்போது அவர் இங்கே உட்கார்ந்து ஷாம்புவைப் பற்றி யாரோ பேசியதை அடித்துக்கொண்டிருப்பார். அதுவரை அவள் அந்தப் பெரிய போனை வாங்கி வைத்திருப்பாள். வாங்க விடக்கூடாது. தீபாவளிக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. சொல்ல வேண்டும். இன்றைக்கு. நாளைக்கு. தீபாவளி கழியட்டும், குழந்தைக்கு முதல் முதலாக விவரம் தெரிந்து வருகிற தீபாவளி. அவர் திரையைப் பார்த்தபோது தன் கை தானாக எட்டு வரி அடித்திருந்தது, நீலத்துக்கு ஐந்து பேர், கறுப்புக்கு மூன்று பேர், பளபளப்பு வேண்டாம்.

மூன்று ஐம்பதுக்கு முடித்தார். விதிப்படி மேலிருந்து ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். படித்தார். எண் 4: அம்மா சென்னையில இருக்காங்க. எழுத்தில் அது இன்னும் மோசமாக இருந்தது, காதில் கேட்டபோது ஒரு நொடியில் போய்விட்டது, இங்கே நின்றுகொண்டே இருக்கிறது. இது பம்பாய்க்குப் போகும், இங்கிலீஷாகும், கோப்பில் கிடக்கும், கம்பெனியின் பத்திரத்தில் கஸ்தூரி அருணகிரி உயிரோடு இருக்கிறவள். தப்பான விவரம். சாட்சி அறியாமல் சொன்னது, ஆனாலும் தப்பு. முப்பத்தொரு வருடத்தில் அவர் ஒரு வாக்குமூலத்திலும் தன் சொல்லைச் சேர்த்தவரில்லை. ஒரு தடவை, தன் சொந்த மாமன் கேஸில், தேதி தப்பென்று தெரிந்தே தப்பாக அடித்துக் கொடுத்தார், சொன்னது அதுதான் என்பதால். இப்போது சதுர அடைப்பைத் திறந்தார். சிரிப்புக்கும் மௌனத்துக்கும் போடுகிற அதே அடைப்பு. யாரும் படிக்காத இடம். எங்காவது ஓரிடத்தில் எழுத்தில் இருக்கட்டும் என்று மட்டும் நினைத்தார், வேறு ஒன்றும் நினைக்கவில்லை, அல்லது வேறொன்று நினைத்ததை நினைக்காததுபோல இருந்துகொண்டார். [எண் 4-இன் தாயார் 9.3.2023 அன்று காலமானார்.] அடைப்பை மூடினார். இந்த எட்டு மாதத்தில் அவர் யாருக்கும் எழுதாத வரி. கார்டு அடிக்கவில்லை, பேப்பரில் போடவில்லை. பார்க்க ஒழுங்காக இருந்தது, புள்ளி எல்லாம் சரியாக விழுந்திருந்தது. அழித்துவிடுவதற்காக விரலைக் கொண்டுபோனார். "சார், முடிஞ்சுதா?" என்றாள் வளர்மதி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. "முடிஞ்சுதும்மா." "ஏதாவது டவுட்டு இருந்துதா?" "இல்ல. எல்லாம் தெளிவாத்தான் இருந்துது." அவள் குனிந்து அவர் மேசையிலேயே பட்டனைத் தட்டினாள். "சூப்பர் சார், அனுப்பிட்டேன், ஹேப்பி தீபாவளி. வீட்ல எல்லாரையும் கேட்டதா சொல்லுங்க." சொல்றேம்மா என்றார். மிதியிலிருந்து காலை எடுத்தார், கால் மரத்துப்போயிருந்தது.

2023 நவம்பர் 24, வெள்ளிக்கிழமை, முற்பகல் 11.20. கூட்டங்களில் பங்கேற்றவர்கள் சொந்த விவரங்களைச் சரியாகத்தான் தந்தார்களா என்று போனில் சரிபார்க்கும் பிரிவிலிருந்து ஒரு பெண் திருச்சிக்குப் பேசினார். கூட்டத்தன்று நிரப்பிய பதிவுப் படிவத்தில் தாயார் இருப்பதாகவும், எழுத்துப் பிரதியில் மார்ச் 9 அன்று இறந்துவிட்டதாகவும் உள்ளது, இரண்டில் எது சரி என்று எண் 4-ஐக் கேட்டார். அதுவரை அருணகிரி மகளிடம் பேசியிருக்கவில்லை.